வண்டிச் சத்தம்

பம்மல் சபையார் தங்கள் உபதேசியாருக்கு பைக் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்த கூட்டத்தில் சுவிசேஷமுத்து ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

"உபதேசியாரே, ஓட்டத் தெரியுமா இல்லியா? வாங்கி வூட்டாண்ட நிறுத்தி வெச்சிட்டு அப்பால முழிக்கக் கூடாது பாருங்க" என்று சபைச் செயலாளர் ரத்தினம் கேட்டார்.

"பழக்கம் உண்டு" என்றார் சுவிசேஷமுத்து.

வாலிப வயதில், மதுராந்தகம் பக்கம் ஊழியம் செய்த ஒரு வெள்ளைக்காரப் போதகரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறார். துரையின் இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு போன பழக்கம் அது. இப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த மனிதர், ஒரு கூட்டமே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்லுவார்? சொல்லியிருக்கலாம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்தாலும் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

சபைக்குப் போதகர் ஒருவர் இருந்தார். ஜீவரத்தினம் ஐயா. அவருக்கு வீடு தாம்பரத்தில்; பார்க்க வேண்டிய சபைகள் நாலு. பம்மலுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆராதனை நடத்திவிட்டு, ரத்தினம் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாட்களில் எல்லாமே உபதேசியார்தான். நோயாளிக்கு ஜெபம், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குச் சமாதானம், பிள்ளைகளுக்கு வேதபாடம். சாகக் கிடக்கிறவர் ஞானஸ்நானம் கேட்டால், போதகரை எதிர்பார்க்காமல் தண்ணீர் தெளித்துக் கொடுக்கவும் அவருக்கு அனுமதி இருந்தது. இத்தனையையும் சபை கொடுத்த ஒரு பழைய சைக்கிளில்தான் செய்துகொண்டிருந்தார்.

"சைக்கிள மிதிச்சிகினு இவரு போய் சேர்றதுக்குள்ள உசுரு போயிடுது" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதுதான் பைக் வாங்கக் காரணம். உண்மையில் சுவிசேஷமுத்து சைக்கிளில் போய்ச் சேருவதற்குள் யாரும் செத்ததில்லை. ஆனாலும் அதைக் கேட்டு எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு சிவப்பு யெஸ்டி வந்தது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் துடைத்துத் துடைத்துப் புதுசுபோல் ஆக்கியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அதை நிறுத்தி, ஹேண்டில் பாரில் ரிப்பன் கட்டி, பெண்கள் ஒரு கீர்த்தனை பாடினார்கள். போதகர் பெட்ரோல் டாங்கின் மேல் கைவைத்து ஜெபித்தார். வியாதியஸ்தரிடத்துக்கும் மரணத் தறுவாயில் இருப்போரிடத்துக்கும் உம்முடைய ஊழியக்காரனை விரைந்து கொண்டுசேர்க்கும்படி என்று அவர் வேண்டிக்கொண்டபோது சுவிசேஷமுத்துவும் எல்லோரையும் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணுக்குள் அந்த வண்டிதான் நின்றது.

"ஏறுங்க உபதேசியாரே! கோயில சுத்தி ஒரு ரவுண்டு!" என்றார் ரத்தினம்.

"இன்னைக்கு வேண்டாம். ஓய்வுநாள். ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டி வேடிக்கை காட்டுறது நல்லா இல்லை."

"பாத்தியா, இதான் மனுசன்" என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். போதகர்கூடத் தலையாட்டினார். பொய்யைப் பொய் என்று யாராவது கண்டுபிடித்திருந்தால் சுவிசேஷமுத்து அன்றே பிழைத்திருப்பார். அது பக்தி என்று பெயர் வாங்கிவிட்டது. அன்று பிற்பகல் அவருடைய சைக்கிளை திருமுடிவாக்கம் ஜெபவீட்டு ஊழியர் வேதாசலம் வந்து வாங்கிக்கொண்டு போனார். மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அன்று ராத்திரி கருவாட்டுக் குழம்பு. சாதத்தைப் போட்டுவிட்டு ஹில்டா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். சபையின் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் அவள். பிள்ளைகள் எழுதாமல் மறைத்த பலகையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வீட்டிலும் உண்டு.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதே."

"தெரியாது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொல்லிட்டேன். கத்துக்கிட்டா போச்சு. ஊர்ல அவனவன் ஓட்டலையா?"

"கத்துக்கலாம். அதை ரத்தினம் அண்ணன்கிட்டயே சொல்லி, ஒரு எல் போர்டு மாட்டி, பகல்ல கத்துக்கலாம்ல?"

"ஓய்வுநாள்னு சொன்ன வாயால இனி அதை எப்படிச் சொல்றது?"

ஹில்டா குழம்பை ஊற்றினாள்.

சித்திரை மாசம். பம்மல் ஏரி பெரும்பாலும் வறண்டு கிடந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் இறங்குவார்கள். அந்த நேரத்திலேயே தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் காற்றில் எழுந்து நிற்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நாற்றமாகத் தெரியாது. காற்று திசை மாறி அது வராமல் போனால்தான் என்னவோ குறைகிறது என்று மூக்கைச் சுளிப்பார்கள். ஹில்டா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்சீட்டைப் பிடித்துக்கொள்வாள்.

அந்த வண்டியில் உதைக்கிற கம்பியும் கியர் கம்பியும் ஒன்றுதான். உதைத்து ஸ்டார்ட் செய்த பிறகு அதையே உள்ளே அழுத்தி முன்பக்கமாகத் திருப்பினால் கியர் ஆகிவிடும். உதைப்பதை ஒருவழியாகச் சுவிசேஷமுத்து கற்றுக்கொண்டார். ஆனால் என்ஜின் சத்தம் கிளம்பியவுடன் அவர் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கம்பியைத் திருப்ப மறந்துபோவார். திருப்பினால் கிளட்சை மறந்துபோவார். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். அல்லது அவரைக் கீழே போட்டுவிட்டு நிற்கும்.

"மெதுவா விடுங்க கையை. பலூன்லேர்ந்து காத்து எறக்குற மாதிரி" என்பாள் ஹில்டா.

"நீ ஓட்டியிருக்கியா?"

"பக்கத்துல நின்னு பாக்குறேன்ல."

"பாத்துட்டுச் சொல்றது சுலபம்."

ஏரிக்கரையில் எருமை ஓட்டிக்கொண்டு ஆள் வரும் சாயல் தெரிந்தாலே போதும், சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஏதோ பழுது பார்ப்பவர்போலக் குனிந்துகொள்வார். விழுகிற நேரத்தைவிட இப்படிக் குனிந்துகொண்டிருக்கிற நேரம்தான் அதிகம். இதனால் படிப்பு ஏறவில்லை. பகலில் வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டே போவார். யாராவது கேட்டால், "பெட்ரோல் சபைக் காசு. பக்கத்துத் தெருவுக்கெல்லாம் எதுக்கு எரிக்கணும்?" என்பார். அதற்கும் நல்ல பெயர் கிடைத்தது. ஹில்டாவின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டியை விட்டுவிட்டு, சந்து வழியாக நடந்தோ, அடுத்த ஸ்டாப்பில் பஸ் ஏறியோ சபையாரின் வீடு சந்திப்புக்குப் போவார். வண்டி எங்கே என்று கேட்பவர்களுக்கு, "அங்க நிறுத்தியிருக்கேன்" என்று பொதுவாகக் கையைக் காட்டுவார். கையைக் காட்டிய பிறகு ஜெபம் செய்ய வாய் வராது.

அந்த நாட்களில்தான் குப்பன் படுக்கையில் விழுந்தான்.

குப்பனுக்கு வீடு அனகாபுத்தூர் தாண்டி ஆற்றோரம். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று காலமெல்லாம் வேலை செய்தவன். காலில் தோல் உரிந்து உரிந்து வெளுத்திருக்கும். மனைவி செல்லம்மா சபையில் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. குப்பன் சேரவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. "எங்கண்ணன் கீறாரு. அவருக்கு நான்தான் கொள்ளி வெக்கணும். நான் வேதத்துக்குப் போயிட்டா அவரு அநாதையாட்டம் போவணும். அதுவரிக்கும் உடு" என்பான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, ரவி. அம்மாவோடு ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை. சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய், சபையின் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறான். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் குப்பன் ஷாப்பிலிருந்து ஒரு வாளி சுண்ணாம்பு கொண்டுவந்து பிள்ளையின் கல்லறைக்குப் பூசுவான். பக்கத்துக் கல்லறைகளுக்கும் சேர்த்துப் பூசிவிடுவான். மறுநாள் ஜெபம் நடக்கும்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொள்வான். ஞானஸ்நானம் பெறாதவரை அங்கே புதைக்க முடியாது என்பது சபைச் சட்டம். அது அவனுக்கும் தெரியும்.

அண்ணன் தை மாசம் செத்தார். கொள்ளி வைத்தான். சித்திரையில் இவனுக்கு மூச்சுத்திணறல் முற்றிவிட்டது. வீட்டுக்கு இட்டுக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுவிசேஷமுத்து போய்ப் பார்த்த அன்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"என் கடன் முடிஞ்சிட்ச்சி உபதேசியாரே. இனிமே நான் எம்புள்ளையாண்ட போறேன். அவன் பக்கத்துல எடம் கீதில்ல?"

"இருக்கு குப்பா. ஞாயித்துக்கிழமை போதகர் வராரு. கோயிலுக்கு வர முடியாட்டி இங்கயே இட்டுக்கிட்டு வரேன்."

"ஞாயித்துக்கெழம வரிக்கும் தாங்குமா?"

"தாங்கும். தாங்கலைன்னா சொல்லி அனுப்பு. நானே குடுப்பேன். அனுமதி உண்டு."

"வண்டி கீது அவருக்கு" என்றாள் செல்லம்மா, புருஷனின் நெஞ்சைத் தடவிக்கொண்டே. "ஒரு நொடியில வந்துருவாரு. நீ இன்னாத்துக்குப் பயப்புடுற?"

சுவிசேஷமுத்து டம்ளரிலிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை செல்லம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி கங்கம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"குப்பண்ணனுக்கு இஸ்துகினு கீது. தண்ணி ஊத்தணுமாம். உபதேசியார சீக்கிரம் வரச்சொல்லுன்னு அவரே வாயத் தொறந்து சொன்னாரு. நீங்க வண்டியில முன்னால போங்க. நான் அப்பால பஸ்ல வர்றேன்."

சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து ரத்தினம் வெளியே வந்தார். தோல் ஷாப்பு ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கையில் டிபன் கேரியர். "இதுக்குத்தானே வாங்கினது! எடுங்க உபதேசியாரே வண்டிய!" என்று தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்.

ஹில்டா வேதப் புத்தகப் பையைக் கொடுக்கிற சாக்கில் கிட்டே வந்தாள். "பஸ்ல போங்க" என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "வண்டி மக்கர்னு சொல்லிட்டுப் போங்க. கங்கம்மா வந்த பஸ் திரும்பி வரும்."

சுவிசேஷமுத்து ரத்தினத்தைப் பார்த்தார். கங்கம்மாவைப் பார்த்தார். தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, "தெருமுனையில ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்று தள்ளிக்கொண்டு நடந்தார். அப்போது தோல் ஷாப்பு சங்கு ஊதியது. எட்டு மணி.

தெருமுனையில் உதைத்தார். கிளம்பியது. கம்பியைத் திருப்பினார். கிளட்சை விட்டார். வண்டி பாய்ந்து போய்ச் சாக்கடைக்கட்டையில் முட்டி இவரோடு சாய்ந்தது. கெண்டைக்கால் சைலன்சரில் ஒட்டி எரிந்தது. வேட்டி கிழிந்தது. எழுந்து, சுற்றிலும் பார்த்து, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்தான் வலி உறைத்தது. மறுபடி உதைத்தார். வரவில்லை. தள்ள ஆரம்பித்தார்.

மெயின் ரோட்டில் அனகாபுத்தூர் பஸ் பின்னாலேயே வந்தது. டிரைவர் தெரிந்தவர், பையும் கிழிந்த வேட்டியுமாக இவர் வியர்த்து நிற்பதைப் பார்த்து பஸ்ஸை ஓரம்கட்டினார். "ஏறுங்க சார், வண்டிய அந்தக் கடையாண்ட உட்டுட்டு." பஸ்ஸில் இடம் இருந்தது. ஜன்னலில் கங்கம்மாவின் முகமும் இருந்தது. "இன்னாங்க ஆச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பிளக்ல அழுக்கு. இதோ வந்துடுறேன். நீ போய்ச் சொல்லு, வண்டில வராருன்னு" என்றார் சுவிசேஷமுத்து.

பஸ் போய்விட்டது. அந்தப் பஸ்ஸை அவர் அனுப்பிவைத்த அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் பிற்பாடு வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மெக்கானிக் கடை. "ஸ்டார்ட் ஆவல" என்றார். மெக்கானிக் பீடியை வாயிலிருந்து எடுக்காமலேயே ஒரு உதை உதைத்தான். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கம்பியைக் காலால் தட்டித் திருப்பி, "குதிரயாட்டம் கீது சார். ஏறிப் போங்க" என்று ஹேண்டில் பாரை இவரிடம் கொடுத்தான். ஓடுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு சுவிசேஷமுத்து நின்றார். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு டீ சாப்ட்டுட்டுப் போறேன்" என்று வண்டியை அணைத்தார். டீயும் குடித்தார். சாகக் கிடக்கிறவன் ஒருவன் காத்திருக்க, மெக்கானிக் உள்ளே போகிறவரை பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக முழுங்கினார். அவன் உள்ளே போனதும் எழுந்து தள்ளினார்.

வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. ஒவ்வொரு தெரிந்த முகத்துக்கும் ஒரு காரணம் சொல்லி, ஒவ்வொரு காரணத்துக்கும் நின்று, ஆற்றோரம் வந்து சேர்ந்தபோது குப்பன் வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் அழவில்லை. செல்லம்மா யாரையும் உள்ளே விடவில்லை.

செல்லம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள். குப்பனின் தலைமாட்டில் ஒரு சொம்பில் தண்ணீர். அதன் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது.

"இப்பத்தான் மூச்சு நின்னுச்சி. வெளிய யாருக்கும் இன்னும் தெரியாது" என்றாள். "கங்கம்மா வந்து, வண்டியில வந்துகினு கீறாருன்னு சொன்னா. சிரிச்சாரு. ரோட்டுல வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் கண்ணத் தொறந்து பாத்தாரு. பால்காரன் வண்டிக்குத் தொறந்தாரு. போஸ்ட்மேன் வண்டிக்குத் தொறந்தாரு. அப்பால தொறக்கல."

சுவிசேஷமுத்து அவன் கையைத் தொட்டார். சூடு இன்னும் போகவில்லை. அப்படியே மண்தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதும்மா" என்றார்.

செல்லம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா சொல்றீங்க?"

"தெரியாது. தெரியும்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். வழியெல்லாம் தள்ளிக்கிட்டுதான் வந்தேன். பஸ் வந்துச்சு. ஏறல. வெக்கமா இருந்துச்சு."

அவள் அவருடைய கிழிந்த வேட்டியைப் பார்த்தாள். கெண்டைக்காலில் கொப்புளித்திருந்த சூட்டைப் பார்த்தாள். "சும்மா நடந்து வந்திருந்தாகூட வந்து சேந்திருக்கலாமே, உபதேசியாரே."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செல்லம்மா அழவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள். சொம்பை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக் குப்பனின் நெற்றியில் மூன்று தரம் தடவினாள். தண்ணீர் அவன் காதோரம் வழிந்து பாயில் இறங்கியது.

"தண்ணி பட்டுச்சி. நீ இங்க கீற. அவ்ளோதான். வேற ஒண்ணும் நடக்கல" என்றாள். அதுவரை அவரை அவள் நீ என்று பேசியதில்லை.

"செல்லம்மா, இது..."

"உன் வெக்கத்துக்காக இவ்ளோ நாள் பொய் சொன்னல்ல? எம்புருசனுக்காக ஒண்ணு சொல்லு. கடைசி வரிக்கும் வாயத் தொறக்காத. நீ உண்மையப் பேசுனன்னு வெச்சிக்க, உன் மனசு ஆறிடும். இவரு வெளியிலதான் கெடப்பாரு."

மத்தியானம் போதகர் ஜீவரத்தினம் ஐயா வந்தார். ரத்தினமும் கமிட்டியாரும் வந்தார்கள். வாசலில் சிவப்பு வண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரத்தினம் உள்ளே வந்தார்.

"உயிர் இருக்கும்போதே கொடுத்தீங்களா, உபதேசியாரே?" என்று போதகர் கேட்டார். "சட்டத்துக்காகக் கேக்குறேன். தப்பா நினைக்காதீங்க."

"இருந்துச்சு ஐயா."

"என்ன பேர் வெச்சீங்க?"

அதை அவர்கள் இருவரும் யோசித்திருக்கவில்லை. சுவிசேஷமுத்து வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த அத்தனை பரிசுத்தவான்களின் பெயர்களும் எங்கேயோ ஓடிப்போயிருந்தன.

"லாசரஸ்" என்றாள் செல்லம்மா, தலை குனிந்தபடி.

"நல்ல பேர்" என்றார் போதகர்.

செத்து, கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனின் பெயர். ஆண்டவர் வந்துவிடுவார் என்று அந்த வீட்டுப் பெண்கள் ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்ததையும், அவர் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார் என்பதையும் பெண்கள் கூட்டத்தில் செல்லம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே சுவிசேஷமுத்துதான். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவளும் நிமிர்த்தவில்லை.

மறுநாள் காலை குப்பனை அவன் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இத்தனை வருஷம் அவன் நின்ற கேட்டு வழியாகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரவியின் கல்லறையில் அவன் கடைசியாகப் பூசிய சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகவே இருந்தது. கூட வேலை செய்தவர்கள் ஷாப்பிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து, மண் மூடியதும் ஓரங்களில் கோடு இழுத்தார்கள். சுவிசேஷமுத்து ஜெபம் சொன்னார். குரல் உடைந்தது. உபதேசியாருக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதைவிடக் கொடுமை. அறிவிப்பு வாசிக்க எழுந்த ரத்தினம், அறிவிப்போடு நிற்கவில்லை. "சபையார் எல்லாரும் கை குடுத்ததாலதான் வண்டி வாங்கினோம். வாங்கினது வீண் போகல. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு ஆத்துமாவை நம்ம உபதேசியார் கரை சேத்துட்டாரு. சைக்கிளா இருந்தா முடிஞ்சிருக்குமா? நீங்களே சொல்லுங்க!"

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்துவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே நடந்துவிடலாம் போலிருந்தது. சொன்னால் நாளைக்கே யாராவது கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்லம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லியிருந்தாள். அவர் தலை குனிந்து, வந்த பாராட்டை முழுக்க வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஹில்டா கேட்டாள். "இனியாவது ஓட்டத் தெரியாதுன்னு சொல்லிட்டு, ரத்தினம் அண்ணன்கிட்டயே கத்துக்கக் கூடாதா?"

"இனிமேதான் சொல்லவே முடியாது ஹில்டா. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னா, அன்னைக்கு எப்படிப் போனேன்னு கேப்பாங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு எண்ணெய் எடுத்துவந்து கெண்டைக்கால் புண்ணுக்குப் போட்டாள்.

மறுபடியும் விடியற்காலை ஏரி. ஆனால் இப்போது வேறு மனுஷன் ஓட்டினார். எருமைக்காரன் வந்தால் குனியவில்லை. விழுந்தால் தூசியைத் தட்டவில்லை. எழுந்த வேகத்தில் உதைத்தார். முழங்கைத் தோல் பெயர்ந்தது. ஒரு தரம் முள்ளுக்குள்ளேயே போய் விழுந்தார். "போதும், வாங்க" என்று ஹில்டா கெஞ்சினாள். கேட்கவில்லை. விழுவதற்கு இனி என்ன பயம்? பயப்பட வேண்டிய நேரத்தில் பயந்து முடித்தாகிவிட்டது. ஒரு நாள் ஹில்டா கையை விட்டதே தெரியாமல் ஏரியைப் பாதி சுற்றிவிட்டார். கியர் மாற்றினார். கரையோரம் திரும்பினார். ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்த ஹில்டா, மறுபடி பழுதாகிவிட்டது என்று நினைத்தாள்.

முதன்முதலாகத் தெருவில் ஏறி உட்கார்ந்து ஓட்டிய நாளில் அவர் வேறெங்கும் போகவில்லை. வாசலிலேயே உதைத்தார். ரத்தினம் டிபன் கேரியரோடு கையாட்டினார். அந்த நேரத்தில் தோல் ஷாப்பு சங்கு ஊதியது. அந்தத் தெருமுனை, அந்த மெக்கானிக் கடை, அந்த டீக்கடை பெஞ்சு எல்லாம் இரண்டு பக்கமும் சரசரவென்று பின்னால் போயின. அன்றைக்கு முடிவே இல்லாமல் நீண்ட ரோடு இது. பஸ்ஸை அனுப்பிவைத்த இடம் எது என்று தேடினார். அதற்குள் தாண்டிப் போயிருந்தது.

செல்லம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு முறத்தைக் கீழே வைத்தாள். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்ட் போட்டார். என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதா, ஓட்ட வந்துவிட்டது என்று காட்டுவதா?

"வந்துட்ச்சா?" என்று அவளே கேட்டாள்.

"வந்துடுச்சும்மா."

"எப்ப கெளம்புனீங்க?"

"சங்கு ஊதுறப்ப."

செல்லம்மா பம்மல் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். வண்டியின் என்ஜின் இன்னும் சூட்டில் டிக் டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் பாய் சுருட்டி வைத்திருந்த மூலையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சங்கு இப்பத்தானே ஊதிச்சி" என்றாள்.